மலை ட்ராக்குக்கு ஆர்.சி. டயர்: முள்ளைப் பார்ப்பதா, ரப்பரைப் பார்ப்பதா?

#1 கோத்தகிரி_பக்கி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ரிமோட்ல ஓடற ஆர்.சி. கார், 1/10 (நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு) ஃபோர் வீல் டிரைவ் பக்கி. 2.2 இன்ச் ரிம், 12 மி.மீ. ஹெக்ஸ் (சக்கரம் மாட்டற அறுகோணத் துண்டு), 13.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார். ஓட்டப்போற இடம் நாலு: கோத்தகிரி பக்கம் டீ எஸ்டேட்டை ஒட்டின செம்மண் மைதானம், ஊட்டி பக்கம் கிக்குயு புல்லு மேடு, ஒரு ஸ்கூல் சிமெண்ட் கோர்ட், மழைக்காலத்துல ஹாலுக்குள்ள கார்பெட்.

வண்டியோட வந்த டயர் எங்கேயும் நிக்க மாட்டேங்குது. நாலு செட் வாங்க பட்ஜெட் இல்ல, எல்லாம் வெளிநாட்டுல இருந்துதான் வரணும். எத்தனை செட்டுல சமாளிக்கலாம்? செம்மண்ணுல காலைல ஒரு கிரிப், மதியம் வேற கிரிப். மூடுபனி இறங்கிட்டா எதுவுமே பிடிக்கல.

#2 குன்னூர்_மண்ரோடு

தம்பி, காசு போடுறதுக்கு முன்னாடி மண்ணைப் படிங்க. செம்மண் ஒரே நாள்ல மூணு வேஷம் போடும்.

காலைல ஈரம். கட்டைவிரல் நகத்தை வெச்சு அழுத்தினா லேசா இறங்கும். இதுதான் நல்ல கிரிப் நேரம். முள்ளு, அதாவது டயர் மேல நீட்டிக்கிட்டு இருக்கற ரப்பர் முனை, சின்னதா நெருக்கமா இருந்தா போதும். பத்து பதினோரு மணிக்கு வெயில் ஏறினதும் ரேசிங் லைன் (வண்டிங்க திரும்பத் திரும்ப ஓடற தடம்) கெட்டிப்பட்டு பளபளன்னு ஆகும். நகம் இறங்காது. அங்க நீள முள்ளு வளைஞ்சுக்கும், வண்டி மிதக்கற மாதிரி வளைவுல தாமதமா திரும்பும். மதியத்துக்கு மேல லைனுக்கு வெளியே ராகி மாவு மாதிரி தூள் சேரும். அதுல நெருக்கமான முள் தூளுக்கு மேலேயே ஓடும், அடியில இருக்கற கெட்டி மண்ணை எட்டாது.

அதனால கணக்கு இதுதான். மேல் தூள் எத்தனை மில்லிமீட்டர்னு செருப்புக் குதிகாலால கீறிப் பாருங்க. முள்ளு அந்தத் தூளைத் தாண்டி அடியைத் தொடணும். ரெண்டு மில்லி தூளுக்கு நாலு மில்லி முள் போதும். தூளே இல்லாத கெட்டி லைன்ல முள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. தேஞ்சு போன பழைய டயர் புது டயரை ஜெயிக்கற இடம் அது. முனை மழுங்கின செட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

மழை பெஞ்சு சேறானா இன்னொரு சிக்கல். நம்ம செம்மண்ணுல களி ஜாஸ்தி. முள்ளுக்கு நடுவுல அப்பிக்கிட்டு டயர் மொழுக்குனு ஆயிடும். முள் அகலமா தள்ளித் தள்ளி நிக்கற டிசைன் இருந்தாத்தான் சேறு தானா கழண்டு விழும்.

#3 கொடை_கார்பெட்

குன்னூர் அண்ணன் சொல்லும் முள் கணக்கு சரிதான். ஆனால் வரிசை தலைகீழ். மலையில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர், அதாவது அதன் கலவையான காம்பவுண்ட். முள் அதற்கு அடுத்தது.

காரணம் குளிர். ஒரு கம்பெனி 'சாஃப்ட்' என்று அச்சடிப்பது சாதாரண வெப்பநிலையை வைத்து. தரை 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஜனவரி காலையில் அதே சாஃப்ட் ரப்பர் மீடியம் போல இறுகிவிடும். டியூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் ஒரு முறை, வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். எண் ஏறியிருக்கும். இறுகிய ரப்பரில் எந்த முள் இருந்தும் வழுக்கும்.

கொடைக்கானலும் ஊட்டியும் 2,100 மீட்டருக்கு மேலே. வெயில் அடித்தால் தரை சட்டென்று சூடாகும், ஒரு மேகம் வந்து மூடினால் அதே வேகத்தில் ஆறும். காற்றின் வெப்பத்தைப் பார்த்து டயர் மாட்டினால் ஏமாந்துபோவோம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கித் தரையை அளந்துகொள்ளுங்கள். என் வழக்கம்: தரை 15 டிகிரிக்குக் கீழே என்றால் சூப்பர் சாஃப்ட், 15 முதல் 30 வரை சாஃப்ட், அதற்கு மேலே சொரசொரப்பான தரை என்றால் மீடியம்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ப்ரோ-லைன் எம்3 சாஃப்ட், எம்4 சூப்பர் சாஃப்ட். ஜேகான்செப்ட்ஸில் நிறம்தான் பெயர்: பச்சை வெளியிடத்துக்கான சூப்பர் சாஃப்ட், நீலம் சாஃப்ட். ஷூமாக்கரின் மஞ்சள் ரப்பர், கார்பெட்டிலும் செயற்கைப் புல்லிலும் பலரும் மாட்டுவது. ஒரு கம்பெனியின் சாஃப்ட்டும் இன்னொன்றின் சாஃப்ட்டும் ஒன்றென்று நினைத்து மாற்றி வாங்காதீர்கள்.

#4 குன்னூர்_மண்ரோடு

கொடைக்காரரே, கார்பெட்டுக்கும் சிமெண்டுக்கும் நீங்க சொல்றது சட்டம். மண்ணுல அப்படி இல்ல. ரெண்டு மில்லி தூளுக்கு மேல சூப்பர் சாஃப்ட் மினி பின்னை (குட்டி முள் டயர்) மாட்டிப் பாருங்க, ரப்பர் வெண்ணெயா இருந்தாலும் பிடிக்காது. தரையையே தொடலையே, அப்புறம் ரப்பர் எதைப் பிடிக்கும்?

#5 கொடை_கார்பெட்

தூள் இருக்கும் வரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். தூள் ஒதுங்கிக் கெட்டி லைன் வந்த பிறகு ரப்பர்தான் பேசும். அவருடைய நாலு இடத்தில் மூன்று கெட்டித் தரை அல்லது குளிர்ந்த தரை என்பதால்தான் சொன்னேன்.

#6 லவ்டேல்_டூரிங்

சிமெண்ட் கோர்ட்டுக்கு ரெண்டே விஷயம்.

ஒண்ணு, மண்ணுக்கு வாங்கின சாஃப்ட் முள் டயரை அங்க ஓட்டாதீங்க. உப்புத்தாள்ல தேச்ச மாதிரி ஒரே நாள்ல முனை போயிடும். தேஞ்சு தீர்ந்த செட்டை சிமெண்டுக்குன்னு ஒதுக்குங்க. இல்லேன்னா ஸ்லிக் (முள்ளே இல்லாத மொழுக்கை டயர்) வாங்குங்க. டூரிங் கார் (சமதரையில ஓடற ஆர்.சி. ரேஸ் கார்) வெச்சிருக்கறவங்களுக்கு சோரெக்ஸ் மாதிரி ரப்பர் டயர்ல 28, 32, 36, 40னு எண் இருக்கும். எண் குறைஞ்சா மிருதுவான ரப்பர், குளிர்ந்த தரைக்கு. சமவெளியில 36 ஓட்டறவங்க அதையே இங்க கொண்டுவந்து டிசம்பர்ல மாட்டினா ஐஸ்ல ஓட்டற கதைதான். 28ல ஆரம்பிங்க.

ரெண்டு, பாசி. மலையில வடக்குப் பார்த்த சிமெண்ட், மரநிழல் விழற சிமெண்ட் எல்லாம் மழைக்கப்புறம் பச்சையா இருக்கும். அதுக்கு டயரே கிடையாது. முந்தின நாள் ப்ளீச்சிங் பவுடர் தூவி, தென்னந்துடைப்பத்தால தேச்சுக் கழுவி விடணும். சவுக்கு, பைன் ஊசி இலையெல்லாம் பெருக்குங்க. ஒரு இலை முன் சக்கரத்துக்கு அடியில போனா வண்டி நேரா சுவத்துலதான் நிக்கும்.

#7 கோத்தகிரி_பக்கி

ரொம்ப நன்றி. ஈரப் புல்லைப் பத்தி யாரும் சொல்லலையே? இன்னொண்ணு, மழையில ஓட்டினதும் டயருக்குள்ள தண்ணி சளக் சளக்னு கேக்குது. வண்டி வேகம் எடுத்தா ஆடுது. ஓட்டை போடணுமா?

#8 குன்னூர்_மண்ரோடு

கிக்குயு புல் பாய் விரிச்ச மாதிரி அடர்த்தியா வளரும். குட்டை முள் அதுக்கு மேலேயே நிக்கும். நாலு, அஞ்சு மில்லி முள், நடுவுல இடைவெளி, சூப்பர் சாஃப்ட். ரைட் ஹைட்டை (தரைக்கும் வண்டி அடித்தட்டுக்கும் நடுவுல உள்ள உயரம்) ரெண்டு மூணு மில்லி ஏத்துங்க, இல்லேன்னா சேசிஸ் புல்லுல சறுக்கிக்கிட்டு டயருக்கு எடையே வராது. பலபேர் டயரைக் குறை சொல்றது இங்கதான். ஓட்டி முடிச்சதும் சக்கரத்தைக் கழட்டி ஹெக்ஸுக்குப் பின்னாடி பாருங்க, புல்லு நூல் சுத்தின மாதிரி சுத்தியிருக்கும். விட்டா பேரிங் சீலை அறுத்துடும்.

ஜூன் ஜூலைல புல்லு மேட்டுல நின்னா அட்டை ஏறும். டயருக்குப் பசை, காலுக்கு உப்பு, ரெண்டும் பையில இருக்கட்டும்.

தண்ணி விஷயம்: டயருக்குள்ள வைக்கற ஃபோம் வளையம்தான் இன்சர்ட். அது ஓப்பன் செல் (துளை திறந்த) ஃபோமா இருந்தா பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும். சக்கரத்தைக் கழட்டித் தராசுல வெச்சுப் பாருங்க, நாலும் நாலு எடை காட்டும். அந்த ஆட்டம் அதனாலதான். க்ளோஸ்ட் செல் இன்சர்ட் தண்ணி குடிக்காது, சீக்கிரம் நசுங்கவும் நசுங்காது. மலைக்கு அதுதான். ஆனா அது கொஞ்சம் விறைப்பு, மேடு பள்ளத்துல துள்ளும். அதை டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஆயில்ல சரி பண்ணிக்கலாம்.

ஓட்டை: டயரோட நடு வரியில எதிரெதிரா ரெண்டு. செருப்புத் தைக்கறவங்க கிட்ட இருக்கற லெதர் பஞ்ச்ல 2 மி.மீ. அளவு. ஊசியால குத்தாதீங்க, அந்த ஓட்டை கிழிஞ்சுக்கிட்டே போகும். டயர் சுத்தும்போது தண்ணி அது வழியா வெளிய வீசப்படும். ரிம்ல ஏற்கெனவே காத்து ஓட்டை இருந்தா டேப் ஒட்டி மூடிடுங்க. ரிம் வழியா தூளும் தண்ணியும் உள்ள போகும், வெளிய வராது. ரெண்டையும் மூடினா காத்து அடைபட்டு டயர் பந்து மாதிரி துள்ளும், ஏதாவது ஒண்ணு திறந்திருக்கணும்.

#9 அருவங்காடு_ரிட்டயர்டு

டயர் எதுவானாலும் ஒட்டுவதில் கோட்டை விட்டால் முதல் லேப்பிலேயே ரிம்மை விட்டுக் கழண்டு வரும். மலையில் ஒட்டுவதற்குத் தனிக் கவனம் தேவை, ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. மூடுபனி வீட்டுக்குள் புகும் நாளில் ஒட்டினால் மேல்தோல் உடனே இறுகிவிடும், உள்ளே பசை இறங்காது, ரிம் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். கடுங்குளிரில் நேர்மாறு, இறுகவே நேரம் எடுக்கும். வெயில் உள்ள முற்பகலில், சன்னலைச் சாத்தி, அறை ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள்.

முதலில் டயரின் உள் விளிம்பை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய எண்ணெய்ப்பசை அதில் இருக்கும். முழுவதும் காயட்டும். ரிம்மின் பள்ளத்தை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இன்சர்ட்டை வைத்து, டயரை ரிம்மில் ஏற்றி, விரலால் சுற்றி அமுக்கிப் பாருங்கள். எங்கேயாவது மடிந்திருந்தால் அந்த இடம் கட்டியாகத் தட்டுப்படும். பசை போட்ட பிறகு அதைத் திருத்த வழியில்லை.

டயர் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இடது, வலது என்று ரிம்மின் உள்பக்கம் மார்க்கரால் எழுதுங்கள். நான்கையும் ஒரே பக்கத்துக்கு ஒட்டி வைப்பது எல்லோருக்கும் நேர்வதுதான்.

பிறகு கட்டைவிரலால் விளிம்பை விலக்கி, கடிகாரத்தில் 12, 3, 6, 9 என்று நான்கு இடத்தில் ஒவ்வொரு சொட்டு. ஒவ்வொன்றையும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதன் பின் நடுநடுவே நிரப்புங்கள். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றி மாட்டி கால் மணி நேரம் விட்டு, மறுபக்கத்துக்குப் போங்கள். பசை அதிகமானால் பக்கச்சுவரில் வழிந்து அந்த இடம் விறைத்துவிடும். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் பக்கச்சுவரை இழுத்துப் பாருங்கள், வாய் திறக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு சொட்டு.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பசை ஆவி கண்ணை எரிக்கும்.

#10 கோத்தகிரி_பக்கி

சார், அருமை. பழைய ரிம்ல இருந்து டயரைப் பிரிக்க வெந்நீர்ல கொதிக்க வைக்கலாம்னு சொல்றாங்களே?

#11 அருவங்காடு_ரிட்டயர்டு

வைக்கலாம். ஆனால் ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர் சொல்லும் நேரம் இங்கே போதாது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, சூடாக இருக்கும்போதே கையுறை போட்டு உரியுங்கள். பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள், சமையலுக்குத் திரும்பக் கூடாது. அதிக வெப்பம் கிடைக்கும் என்று குக்கரில் போட நினைக்க வேண்டாம். அசிட்டோனில் மூடி போட்ட டப்பாவில் ஊறவைத்தாலும் கழன்று வரும், ஆனால் டயர் வறண்டுபோகும், இன்சர்ட் வீணாகலாம். ரிம்மைக் காப்பாற்ற மட்டும் அந்த வழி. அடுப்புக்குப் பக்கத்தில் அசிட்டோனைத் திறக்கவே கூடாது.

#12 பூம்பாறை_நைட்ரோ

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 1/8 நைட்ரோ பக்கிக்கும் (எரிபொருள் இன்ஜின்ல ஓடறது) இதே கணக்குதானா?

#13 குன்னூர்_மண்ரோடு

மண்ணைப் படிக்கறது ஒண்ணுதான். டயர் வேற, 17 மி.மீ. ஹெக்ஸ், பெரிய ரிம், 1/10 டயர் ஏறாது. வண்டி கனம், அதனால முள்ளு தானா இறங்கும், ஒரு படி கெட்டியான காம்பவுண்ட் போட்டாலும் தாங்கும். நம்ம உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைவு. இன்ஜின் பவர் குறையும், சமவெளி செட்டிங்ல எரிபொருள் அதிகமாகும். கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா லீன் பண்ணுங்க (எரிபொருளைக் குறைங்க), இன்ஜின் சூட்டைப் பார்த்துக்கிட்டே. இன்ஜின் பத்தி மேல தனி இழை போடுங்க தம்பி.

#14 கோத்தகிரி_பக்கி

கார்பெட்டுக்கு டயர்ல ஏதோ எண்ணெய் தடவறாங்களே. சாஸ்னு சொல்றாங்க. நம்ம ஊர்லதான் தைலத்துக்குப் பஞ்சமே இல்லையே, நீலகிரித் தைலம் தடவினா ஆகாதா?

#15 கொடை_கார்பெட்

சிரித்துவிட்டு விட வேண்டிய கேள்வி அல்ல. டயர் சாஸ் செய்வது இரண்டு வேலை: மேலே படிந்த அழுக்கை எடுக்கும், ரப்பரின் மேல்தோலை ஊறவைத்து மிருதுவாக்கும். நீலகிரித் தைலம் முதல் வேலையை நன்றாகவே செய்யும், பசை, கிரீஸ் எல்லாம் போகும். இரண்டாவது வேலை அரைகுறை, சீக்கிரம் ஆவியாகிவிடும்.

உண்மையில் நம் மலைக்குச் சொந்தமான இன்னொரு எண்ணெய் இருக்கிறது. ஊட்டிக் கடைகளில் தைலத்துக்குப் பக்கத்திலேயே விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் வளரும் செடியிலிருந்து வடிப்பது. பாட்டிலில் இருப்பது செடியில் வடித்ததோ ஆலையில் செய்ததோ, பொருள் மெத்தில் சாலிசிலேட்தான். இறுகிய ரப்பரை மிருதுவாக்க அச்சு இயந்திர உருளைகளுக்குக்கூட இந்தப் பொருளைப் பயன்படுத்துவார்கள். வெளிநாட்டுப் பழைய டயர் சாஸ்கள் சிலவற்றில் அடித்த வாசனையும் இதுதான்.

தடவுவதானால் ஸ்லிக்குக்கும் கார்பெட் டயருக்கும் மட்டும். துணியில் நனைத்து மெல்லிய பூச்சு, இருபது நிமிடம், பிறகு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். ஊறவைத்தே விட்டால் ரப்பர் உப்பி, முள் அடியோடு பிய்ந்து வரும். மண் ட்ராக்கில் தடவினால் தூளை ஒட்டவைத்துக்கொள்ளும், கிரிப் போய்விடும். பாலிகார்பனேட் பாடி மேல் படாமல் பாருங்கள். கையுறை அவசியம். போட்டி நடத்துபவரிடம் முதலில் கேளுங்கள், மூடிய ஹாலில் நெடி தாங்காது என்று பல இடங்களில் தடை உண்டு.

#16 அருவங்காடு_ரிட்டயர்டு

கொடை நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வாசனை மிட்டாய் போல இருக்கும் என்பதுதான் சிக்கல். வேறு பாட்டிலில் ஊற்றி பிட் டேபிளில் வைக்காதீர்கள்.

#17 கொடை_கார்பெட்

முக்கியமான எச்சரிக்கை ஐயா, நன்றி.

கார்பெட் டயரைப் பற்றி மிச்சம்: பின்னால் ஷூமாக்கர் மினி பின், முன்னால் அதே கம்பெனியின் கட் ஸ்டேகர், இரண்டும் மஞ்சள் ரப்பர். இது பல ஊர்களில் ஓடித் தேறிய ஜோடி. கார்பெட்டில் கிரிப் பற்றாது என்று யாரும் புலம்ப மாட்டார்கள், அதிகமாகி வண்டி கவிழ்வதுதான் தொல்லை. வளைவின் நடுவில் வெளிப்பக்க முன் டயர் ஒரு கணம் கவ்வும், உள்பக்கச் சக்கரம் இரண்டும் தூக்கும், அவ்வளவுதான், தலைகீழ். அதற்கு மருந்து, முன் டயரின் வெளிப் பக்கச்சுவரில் சயனோ பசையை மெல்லிய வளையமாகப் பூசுவது. முள் ஆரம்பிக்கும் இடம் வரை. பசை காய்ந்த இடம் வழுக்கும், சாய்ந்ததும் கவ்வாது. பசை வெடித்து உதிர்ந்தால் மறுபடி பூசுங்கள். அப்படியும் கவிழ்ந்தால் ரைட் ஹைட்டைக் குறையுங்கள்.

#18 கோத்தகிரி_பக்கி

அப்போ என் கணக்கு இப்படி: செட் 1, நாலு மில்லி முள், இடைவெளி உள்ளது, சூப்பர் சாஃப்ட், க்ளோஸ்ட் செல். புல், சேறு, மதியத் தூள் மூணுக்கும். செட் 2, மினி பின் + கட் ஸ்டேகர் மஞ்சள், கார்பெட்டுக்கு. அதுவே காலை செம்மண்ணுக்கும். வண்டியோட வந்த டயரைச் சிமெண்ட்ல தேச்சு முடிச்சுடறேன். சரியா?

#19 குன்னூர்_மண்ரோடு

முக்கால்வாசி சரி. செட் 2ஐ மண்ணுல ஓட்டிட்டு கார்பெட்டுக்குக் கொண்டுபோகாதீங்க, முள் இடுக்குல மண்ணு இருந்தா ஹால்காரங்க உள்ளேயே விட மாட்டாங்க, முனை மழுங்கினதுல கார்பெட் கிரிப்பும் போயிருக்கும். காலை செம்மண்ணுக்கு செட் 1ஐயே ஓட்டுங்க. அது தேய ஆரம்பிச்சதும் புதுசு ஒண்ணு வாங்கி, தேஞ்சதைக் கெட்டி லைனுக்கு வெச்சுக்கங்க. பின் டயர்தான் முதல்ல தேயும், அதனால பின்பக்கம் மட்டும் ஒரு ஜோடி கூடுதலா.

#20 லவ்டேல்_டூரிங்

வண்டியோட வந்த டயர் பெரும்பாலும் கெட்டி ரப்பர். சிமெண்ட்ல அது தேயறதுக்குள்ள நீங்க தேஞ்சுடுவீங்க 😄 பழகறதுக்கு ஓகே, டைமிங் எதிர்பார்க்காதீங்க. குளிர்காலத்துல கோர்ட்ல ரேஸ் வெச்சா ஸ்லிக் ஒரு செட் தேவைப்படும்.

#21 கொடை_கார்பெட்

ஆர்டர் போடும் முன் இரண்டு விஷயம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஃபோர் வீல் டிரைவ் பக்கியின் முன் டயர் தனி, டூ வீல் டிரைவ் முன் டயரை வாங்கிவிட்டால் அகலம் பொருந்தாது. அடுத்தது இன்சர்ட். சில டயர்கள் இன்சர்ட் இல்லாமல் வரும், சிலவற்றில் ஓப்பன் செல் மட்டும் வரும். க்ளோஸ்ட் செல் தனியாக வாங்க வேண்டியிருந்தால் டயரோடு சேர்த்தே போட்டுவிடுங்கள், தபால் செலவு ஒருமுறையோடு போகும்.